பேரப் போடு, தாறன்

என் வயதுக்காரிகளே, போன மாதக் கல்யாண வீட்டில் நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனதற்கு வயிற்று வலி காரணமல்ல. ஒரு சஹனை, ஒரே பெரிய சாப்பாட்டுத் தட்டை, சுற்றி ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது ஆறு பேருக்கும் பேரப்பிள்ளைகள். இறைச்சியைப் பங்கு வைத்துக்கொண்டே நீங்கள் அந்தப் பழைய தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினீர்கள்.

"உன்ட மாமாவப் போல சிரிக்க வெச்ச ஒரு மனிசன் இந்தக் கரையில பிறக்கல்ல" என்றாள் ஒருத்தி. நானும் தலையாட்டினேன்.

"என்ன செய்யிற, உன்ட உம்மாதான் அவரக் கெடுத்துட்டா. படிப்பில்லாத மனிசி. கோவத்தில என்னமோ சொல்லி ஏசிட்டாவாம், அதோட அந்த நாடகம் நாசமாப் போச்சி" என்றாள் இன்னொருத்தி. மற்ற எல்லோரும் "ஓம், ஓம்" என்றீர்கள். நான் கை கழுவப் போனேன். திரும்பி வரவில்லை.

உம்மா மௌத்தாகிவிட்டார். மாமாவும் போய்விட்டார். போனவர்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்பீர்கள். நீங்கள் கதைக்கலாம், நான் கதைக்கக் கூடாதா? கதைக்கத்தான் போகிறேன்.

அந்த மாரி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, ஒரு கிழமை, ஏழு நாளும், விடுமுறை விட்டார்களே, அந்த மாரி. எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ரோட்டு வேலை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர் வீட்டில் இருந்தது. நான்கு கால்களும், இழுத்து மூடுகிற மரக் கதவும் உள்ள பெட்டி. அன்டனாவை நீண்ட மூங்கிலில் கட்டி, கிணற்றடித் தென்னையோடு சேர்த்து நிறுத்தியிருந்தார். வாடைக் காற்று அடித்தால் அது திரும்பிவிடும். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கி மூங்கிலைத் திருப்புவார்.

"இப்பத் தெரியிதா?"

"தல தெரியிது, கால் இல்ல" என்று உள்ளேயிருந்து ஆண்கள் கத்துவார்கள்.

நாடகம் வியாழக்கிழமை, மஃரிபுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் தொடங்கும். ஆண்கள் முன் மண்டபத்தில் பாய் விரித்து இருப்பார்கள். பெண்கள் உள்ளறையில், சீலைத் திரைக்குப் பின்னால். அங்கிருந்து பெட்டி நேராகத் தெரியாது. ஆனால் கொந்தராத்துக்காரரின் மனைவி கெட்டிக்காரி. அலுமாரிக் கதவைப் பாதி திறந்து ஒரு கல்லை அண்டை கொடுத்து வைத்தால், திரை இடைவெளியால் அதன் கண்ணாடியில் பெட்டி முழுவதும் விழும். எங்கள் தாய்மார் அந்த நாடகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. கண்ணாடியில், இடம் வலமாகத்தான் பார்த்தார்கள். முதல் நாள் மாமா சோறு சாப்பிடுகிற காட்சி வந்தபோது ஒரு கிழவி, "அஸ்தஃபிருல்லாஹ், கொழும்புக்குப் போனதும் இடக் கையால தின்னப் பழகிட்டானே" என்று ஏசியது இன்னும் என் காதில் நிற்கிறது.

மாமா என்பது உம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். மெலிந்த ஆள், நீண்ட கழுத்து, எதைச் சொன்னாலும் முகத்தில் சிரிப்பே வராது. பின்னேரங்களில் நாடகம் நடிக்கப் போய், கடைசியில் கிழமைக்கு அரை மணி நேரம் தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்தது. எழுத்தும் அவர், நடிப்பும் அவர் என்று தொடக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். கதை ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரின் வீட்டில் நடக்கும். மனேஜர், அவர் மனைவி, வந்து போகும் அயலவர்கள். மனேஜராக மாமா. வாயைத் திறந்தால் முதலில் "நான் ஒண்டும் சொல்லல்ல" என்பார். பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

என் வாப்பா சங்கக்கடை மனேஜர். என் வாப்பா வாயைத் திறந்தால் "நான் ஒண்டும் சொல்லல்ல" என்றுதான் தொடங்குவார்.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே, அந்தக் குடைக் கதை, அது எங்கள் வீட்டுக் குடை. ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒருவர் வாப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. பொத்தானை அமத்தினால் தானாக விரியும். அந்த மாரி முழுவதும் வாப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். "குடய விரிச்சா என்ன?" என்று உம்மா கேட்டார். "நான் ஒண்டும் சொல்லல்ல. இந்த மழைக்குள்ள குட நனைஞ்சிட்டா, காய வைக்க வெயிலுக்கு நான் எங்க போற?" என்றார் வாப்பா. அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை, இதே வார்த்தைகள் கண்ணாடிக்குள் மாமாவின் வாயிலிருந்து வந்தன. முன் மண்டபம் அதிர்ந்தது. கொந்தராத்துக்காரர் சிரித்துச் சிரித்து மூங்கிலை விட்டுவிட்டார். படம் போய்விட்டது, சிரிப்பு நிற்கவில்லை.

உம்மா சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்திருந்த அவருடைய கை இறுகியது. வீட்டுக்கு வரும் வழியில், வெள்ளத்துக்குள் கால் வைத்து நடந்தபடி, "வாப்பாக்கிட்டச் சொல்லாத, மனே" என்றார். பிறகு, யாரும் இல்லாத ஒழுங்கையில், தனியாகச் சிரித்தார்.

உம்மாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். குர்ஆனை அழகாக ஓதுவார். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். எழுதச் சொன்னால் பென்சில் முறிந்துவிடும், அவ்வளவு அழுத்துவார். கொழும்பில் தனி அறையில் கிடந்த தம்பிக்குக் கடிதம் எழுதுவது அதனால் என் வேலையாக இருந்தது. திங்கட்கிழமை பின்னேரம், வாப்பா கடையில் இருக்கும் நேரம், உம்மா குசினியில் தேங்காய் துருவுவார். நான் அரிசிப் பெட்டியின் மேல் கொப்பியை வைத்து எழுதுவேன். அந்தக் கடிதங்களில் சுகம் விசாரிப்பது இரண்டு வரிதான். மீதி எல்லாம் ஊர்க் கதை. தேங்காய் துருவிக்கொண்டே உம்மா ஆள் ஆளாக மாறுவார். சீனி இரவல் கேட்க வரும் பக்கத்து வீட்டுக்காரியாவார். கரைவலை மீனுக்கு விலை பேசிப் பேசி, மீன் பழுதான பிறகு "என்ன, மீன் மணக்கிது?" என்று மீன்காரனிடமே சண்டைக்குப் போகிற வாப்பாவாவார். குரல் மாறும், கழுத்து நீளும், தேங்காய்ப்பூ நெற்றியில் ஒட்டியிருக்கும்.

"அப்பிடி இல்ல மனே. 'சீனி தாங்க' எண்டு அவ கேக்கமாட்டா. 'உங்கட ஊட்டுச் சீனி நல்ல வெள்ளையாம், பாத்திட்டுப் போக வந்தன்' எண்டுதான் கேப்பா. அத எழுது. எழுதி, அதுக்குப் பொறகு ஒரு கோடு போடு."

"கோடு என்னத்துக்கு உம்மா?"

"வாசிக்கிறவன் சிரிக்கோணும். சிரிச்சி முடியிறதுக்குள்ள மத்தக் கதையச் சொன்னா, அது வீணாப் போயிடும்."

இப்போது சொல்லுங்கள், படிப்பில்லாத மனிசி! வியாழக்கிழமைகளில் கண்ணாடிக்குள் மாமா, நான் கோடு போட்ட அதே இடத்தில் நின்றார். ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார், கோட்டில் நின்றார், மண்டபம் சிரித்து முடியும்வரை காத்திருந்து அடுத்த சொல்லை எடுத்தார். உம்மாவின் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்தன. பெண்கள் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். நான் உம்மாவின் வாயைப் பார்த்தேன்.

வாப்பா அந்த வீட்டுப் பக்கம் போகாதவர். வியாழக்கிழமை இரவு கூடியிருந்து ஓதுகிற ராத்திபு மஜ்லிஸுக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அவருக்கு விசயம் தெரிய வந்தது கடையில்தான். சீனிக்கு வரிசை நின்றவர்களிடம் எதையோ சொல்ல அவர் "நான் ஒண்டும்..." என்று தொடங்கியதும், வரிசை முழுவதும் ஒரே குரலில் "சொல்லல்ல!" என்று முடித்து, குடைக் கதையையும் சொல்லிச் சிரித்ததாம். அன்றைக்கு அவர் பகல் சோற்றுக்கு வரவில்லை. பின்னேரம் வந்து, குடையைக் கதிரையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊட்டுக் குட அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனார். அங்கே ஏற்கனவே வியாழக்கிழமை மஜ்லிஸுக்கு ஆட்கள் குறைகிறார்கள் என்ற மனக்குறை இருந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ஊருக்கு வந்த மாமாவை, அஸர்த் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தைக்கு அழைத்தார்கள். நாம் குர்ஆன் படித்த ஓதல் பள்ளிக்கும் அந்த விறாந்தைக்கும் நடுவே ஓட்டைக் கற்கள் வைத்த ஒரு சுவர்தானே. நீங்களும் அந்த ஓட்டைகளால் பார்த்தவர்கள்தான். ஆனால் நீங்கள் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு.

"ஊரில இரிந்து உனக்கு இந்தக் கதையெல்லாம் ஆரு சொல்ற?" என்று நிர்வாகத் தலைவர் கேட்டார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தரும் சொல்றல்ல. எல்லாம் என்ட மண்டையில உள்ளதுதான்."

"குடயும் உன்ட மண்டையிலயா இரிந்த?"

நிர்வாகத்தில் ஒருவர் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மாமா சிரிக்காமல், "ஓம், என்ட மண்டையில கன சாமான் இரிக்கி" என்றார். கடைசியில் மச்சானிடம் மாப்புக் கேட்கச் சொன்னார்கள். மாமா எழுந்து வந்து வாப்பாவைக் கட்டிக்கொண்டார். வாப்பா மரம் மாதிரி நின்றார்.

அந்த நேரம் மாமா எனக்கு வீரனாகத் தெரிந்தார். உம்மாவைக் காப்பாற்றப் பொய் சொன்னாரே! உம்மாவும் அப்படித்தான் நினைத்தார். அன்று பின்னேரம் தம்பிக்கு அறக்குளா மீன் பொரித்தார். மாமா குசினி வாங்கில் உட்கார்ந்து, சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றார்.

"நல்ல வேல செஞ்சாய் தம்பி" என்றார் உம்மா. பிறகு மீனைத் திருப்பியபடியே, "ஆனா பெட்டியில எழுத்துப் போடுறாங்களே, அதில ராத்தாட பேரையும் போடு. சின்ன எழுத்தில எண்டாலும் காரியமில்ல" என்றார்.

மாமா சிரித்தார். நாடகத்தில் ஒருநாளும் சிரிக்காத மனிதர், அன்றைக்கு நன்றாகவே சிரித்தார்.

"பொம்புள எழுதின எண்டு தெரிஞ்சா ஆரு ராத்தா சிரிப்பான்? நீ சொல்றது குசினிக் கத. எல்லா ஊட்டிலயும் பொம்புளையள் கதைக்கிறதுதான். அத நாடகமா ஆக்கிறது நான்."

உம்மா அடுத்த துண்டைச் சட்டியில் போட்டார். எண்ணெய் வெடித்தது. அடுத்த திங்கட்கிழமை நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். தேங்காயைத் துருவியபடி உம்மா, "எழுதத் தேவல்ல" என்றார்.

அதோடு நின்றிருந்தால், நீங்கள் சொல்வது போல, அது ஒரு கோபக்காரியின் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் அதே கிழமை, சோறு சாப்பிடும்போது வாப்பா, "நான் ஒண்டும் சொல்லல்ல. உன்ட தம்பி குசும்பு புடிச்சவன் எண்டாலும் ஆம்புள. எல்லாம் என்ட மண்டை எண்டு சபையில ஒத்துக்கிட்டான்" என்றார்.

உம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"அது பொய். குடக் கதையும் நான் சொன்ன, மீன் கதையும் நான் சொன்ன. இந்தப் புள்ள எழுதின. அவன் வாசிச்சான், அவ்வளவுதான்."

சும்மா இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தன்னுடையதை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு போவதை விட, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று உம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாப்பா அடிக்கவில்லை. என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், பீங்கானைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு பல கிழமைகள் அவர் எங்களோடு கதைக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அவர் "நான் ஒண்டும் சொல்லல்ல" என்று சொல்லாத நாட்கள் என் வாழ்க்கையில் அவை மட்டும்தான்.

நானும் உம்மாவோடு கோபமாகத்தான் இருந்தேன், மறைக்க மாட்டேன். நாடகக்காரரின் மருமகள் என்று நீங்கள் எனக்கு நெல்லிக்காய் கொண்டுவந்து தருவீர்கள். வகுப்பில் முதல் வாங்கில் உட்கார இடம் தருவீர்கள். அதெல்லாம் போய்விடும் என்று பயந்து, உம்மா சொன்னது போல நானே ஒரு கடிதம் எழுதி, கோடும் போட்டு, மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். சொறிக்கல்முனைக்கு நெல் வாங்கப் போன மனேஜரை ஒரு மாடு துரத்துகிற கதை. இரண்டு கிழமைக்குப் பிறகு அது வந்தது. மாமா ஓடினார், விழுந்தார், எழுந்தார், நான் கோடு போட்ட இடத்தில் நின்று காத்திருந்தார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. மழைச் சத்தம்தான்.

"படம் தெளிவில்லையா?" என்று வெளியே இருந்து கொந்தராத்துக்காரர் கேட்டார்.

"படம் நல்லாத்தான் இரிக்கி" என்று யாரோ சலித்துக்கொண்டார்.

உம்மா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் என் காதுக்குள் சொன்னார்: "கோடு பிழையான இடத்தில போட்டிரிக்காய்."

ஏசவில்லை. ஆனால் அன்று இரண்டு விசயம் எனக்கு விளங்கியது. உம்மாவை ஏமாற்ற முடியாது. உம்மாவைப் போலச் செய்யவும் முடியாது. அது எல்லாக் குசினியிலும் கிடக்கிற சாமான் இல்லை.

அடுத்தடுத்த கிழமைகளில் மாமா தன் மண்டையில் உள்ளதை எடுத்தார். வாழைப்பழத் தோலில் வழுக்கினார். கண் தெரியாதவர் மாதிரி நடித்தார். பெண் வேடம் போட்டுக் குரலை மாற்றிக் கத்தினார். ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேளைக்கே எழும்பினார்கள். இன்னும் மூன்று கிழமைதான் அந்த நாடகம் இருக்கும் என்று கேள்விப்பட்டோம்.

மாமா வந்தார். மழை விட்ட ஒரு பகல், வேலி வாசலான எங்கள் கடப்படியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. தானே கடப்படிக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"ராத்தா, ரெண்டு கடிதம். ரெண்டே ரெண்டு. பொறகு நான் சமாளிப்பன்."

"பேரப் போடு, தாறன்."

"மச்சான்ட மானத்த யோசிச்சியா? அவர்ட பொண்டாட்டியே அவரப் பகிடி பண்ணின எண்டு ஊர் அறிஞ்சா?"

"அவர்ட மானத்த நான் பாத்துக்குவன். அவருக்கு நான் சொல்லிட்டன். நீ என்ட பேரப் போடு."

மாமா நிலத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்துக்குள் அவர் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு நீங்கள் வேறு கதை கதைப்பீர்கள்.

"அது நடக்காத வேல ராத்தா" என்றார்.

உம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "என்ட பேரப் போட ஏலாட்டி, என்ட கதைக்கு இந்தக் கடப்புக்குள்ள கால் வைக்காத!"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய காதில் விழுந்தது "இந்தக் கடப்புக்குள்ள கால் வைக்காத" என்பது மட்டும்தான். அன்று பின்னேரத்துக்குள் அது சாபமாகிவிட்டது. மூன்று கிழமையில் நாடகம் நின்றதும், சாபம் பலித்துவிட்டது. இதுதான் நீங்கள் இத்தனை வருசமாகத் தின்னக் கொடுத்த இடங்களிலெல்லாம் கதைக்கிற கதை.

மாமா திருடன் என்று நான் சொல்லவில்லை. கோட்டில் நிற்பது லேசான வேலை அல்ல. அந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்காமல் நிற்க அவரால்தான் முடியும். அவர் நின்றார், நன்றாக நின்றார். ஆனால் கோடு என் உம்மாவுடையது. அதை இனி யாரும் என் முன்னால் மாற்றிச் சொல்ல விடமாட்டேன். சஹனில் பாதிச் சோறு மிஞ்சினாலும் சரி.

இன்னும் ஒன்று. அது உங்களில் யாருக்கும் தெரியாது.

நாடகம் நின்ற பிறகு வந்த முதல் வியாழக்கிழமை. மஃரிபு முடிந்தது. ஒழுங்கையில் சத்தமே இல்லை. உம்மா அடுப்படியில் இருந்தார். வாப்பா ராத்திபுக்குப் போகத் தொப்பி போட்டுக்கொண்டு புறப்பட்டவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். குசினிக் கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. இன்றைக்குத்தான் ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"இஞ்சே" என்று கூப்பிட்டார். பல கிழமைக்குப் பிறகு அவர் உம்மாவைக் கூப்பிட்ட முதல் தடவை அதுதான்.

உம்மா திரும்பிப் பார்த்தார்.

வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அந்த மனேஜர்... அவருக்குப் பொறகு என்ன நடந்த?"

உம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. சிரிப்பா, அழுகையா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஆனால் குரலில் அவசரமே இல்லை.

"இரிங்க. சோத்த வடிச்சிட்டு வந்து சொல்றன்."

ஒருவருக்காகவும் ஒருநாளும் காத்திருக்காத வாப்பா, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நிலைப்படியில் இருந்தார்.